கேமரா கேள்விகள்: சட்டைப்பையில் இரண்டு கார்டு

போன மாதம் லென்ஸில் பூஞ்சை பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு நாலு கடிதம்தான் வந்தது. இந்த மாதம் வந்தவற்றில் முக்கால்வாசி மெமரி கார்டைப் பற்றி. ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டன, கேமராக்கள் பரணிலிருந்து இறங்கிவிட்டன என்று புரிந்துகொண்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

பேத்தியின் காதுகுத்துப் படங்கள் மொத்தமும் கேமராவில் இருந்தன. பேரன் விளையாட்டாக எதையோ அழுத்த, எல்லாம் அழிந்துவிட்டது. 8 ஜி.பி. கார்டு. பக்கத்து ஸ்டுடியோவில் 'போனது போனதுதான்' என்கிறார்கள். உண்மையா ஐயா?
– வாசகி, திருமங்கலம்

இல்லை அம்மா. பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும், ஒரே ஒரு நிபந்தனை: அதற்கப்புறம் அந்தக் கார்டில் நீங்கள் ஒரு படம்கூட எடுத்திருக்கக் கூடாது. இதைப் படித்த உடனே கார்டைக் கழற்றுங்கள். ஓரத்தில் நகத்தால் நகர்த்தும்படி ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை 'லாக்' பக்கம் தள்ளி, பேரனின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

கேமராவில் 'டெலிட்' கொடுத்தால் படம் அழிவதில்லை. கார்டின் தொடக்கத்தில் ஒரு அட்டவணை இருக்கிறது, ரேஷன் கடைப் பதிவேடு மாதிரி. இன்ன படம் இன்ன இடத்தில் இருக்கிறது என்று அதில் எழுதியிருக்கும். டெலிட் என்றால் அந்த வரியை அடித்துவிட்டு 'இடம் காலி' என்று குறிப்பதுதான். மூட்டை அதே இடத்தில்தான் கிடக்கிறது. கார்டை மொத்தமாகக் காலி செய்யும் 'ஃபார்மேட்' கொடுத்தாலும் பெரும்பாலான கேமராக்கள் பதிவேட்டை மட்டும் புதிதாக எழுதும். சில கேமராக்களில் 'லோ லெவல் ஃபார்மேட்' என்று தனியாக ஒரு டிக் உண்டு. அதைப் போட்டிருந்தால்தான் சிக்கல். காலி என்று குறித்த இடத்தில் அடுத்த படம் வந்து உட்காரும்போதுதான் பழைய படம் நிஜமாகவே சாகிறது.

இதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. 2009இல் கும்பகோணத்தில் ஒரு ஆவணிக் கல்யாணம். அதிகாலையிலிருந்து காசியாத்திரை, ஊஞ்சல், முகூர்த்தம் என்று எல்லாம் ஒரு 4 ஜி.பி. கார்டில் எடுத்து முடித்தேன். கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அதே பையில் காலிக் கார்டு ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒரே நிறம். பந்தியில் சாப்பிட்டுவிட்டு வந்து, மதிய நலங்குக்கு ஒரு கார்டை எடுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் ஃபார்மேட் கொடுத்துவிட்டு எடுக்க ஆரம்பித்தேன். எழுபது படம் ஆனபிறகு பையைத் தடவிப் பார்க்கிறேன், மிச்சமிருக்கிற கார்டின் மேல் நான் பேனாவால் 'காலி' என்று எழுதி ஒட்டிய துண்டுச் சீட்டு. அந்த நிமிஷம் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்பதைத் தமிழில் எழுத முடியாது.

அன்று ராத்திரி முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். ஃபார்மேட் ஆனபின் கேமரா கார்டின் ஆரம்பத்திலிருந்து எழுதியிருக்கிறது. அதனால் காலையில் முதலில் எடுத்தவை போயின. மாலை மாற்றியதும் காசியாத்திரைக் குடையும் நலங்குப் படங்களுக்கு அடியில் புதைந்துவிட்டன. கடைசியில் எடுத்த முகூர்த்தம், தாலி கட்டுவது, எல்லாம் தப்பித்தன. நடுவில் எடுத்தவற்றில் சில மட்டும் வினோதமாக வந்தன. ஊஞ்சல் படம் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது: மேல்பாதியில் சங்கிலியும் பெண்ணின் நெற்றிச்சுட்டியும் துல்லியமாக இருக்கும், கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல் நிறம். காரணம் பிறகுதான் புரிந்தது. கண் மூடிய படங்களை அங்கேயே அழித்து அழித்து எடுத்துக்கொண்டிருந்தேன். அழித்த சந்துகளில் புதுப் படங்கள் இரண்டு துண்டாக விழுந்திருக்கின்றன. மீட்கும் மென்பொருளுக்குத் தலை கிடைத்தது, உடல் எங்கே என்று தெரியவில்லை. அன்றிலிருந்து மண்டபத்தில் நின்றுகொண்டு நான் எந்தப் படத்தையும் அழிப்பதில்லை. பெண்ணின் அப்பாவிடம் மறுநாளே போய் உண்மையைச் சொன்னேன். காசியாத்திரையை வீடியோக்காரரின் கேசட்டிலிருந்து எடுத்து ஆல்பத்தில் வைத்தோம். அந்த ஆல்பத்துக்கு நான் காசு வாங்கவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் தெரிந்த யாரையாவது பிடியுங்கள். 'ஃபோட்டோரெக்' என்று ஒரு மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் எல்லாவற்றிலும் ஓடும். பார்க்கக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமாகப் பயமுறுத்தும், ஆனால் நல்ல பிள்ளை. விண்டோஸில் 'ரெக்குவா' இன்னும் சுலபம். மீட்ட படங்களைக் கம்ப்யூட்டரில்தான் சேமிக்க வேண்டும். அதே கார்டில் சேமித்தால் கிணற்றில் விழுந்தவனைத் தேடுகிறேன் என்று அதிலேயே மண்ணைக் கொட்டியது போலாகும். ஃபோட்டோரெக்கில் பழைய கோப்புப் பெயர்கள் திரும்ப வராது, ஏதோ எண்களாக வரும். பயப்பட வேண்டாம், எடுத்த தேதியும் நேரமும் படத்துக்குள்ளேயே இருக்கும்.

கடையில் கார்டு கேட்டால் 'எந்த கிளாஸ்?' என்கிறார்கள். மேலே பத்து எண்கள் அச்சடித்திருக்கிறது. எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

இன்று கேமராக்களில் வழக்கமாகப் போடும் எஸ்டி ரகக் கார்டு ஒன்று மேஜையில் கிடக்கிறது, அதை எடுத்துப் பார்த்து எழுதுகிறேன். தபால்தலை அளவுதான், 32 மில்லிமீட்டருக்கு 24. இதில் பெரிய எழுத்தில் கண்ணைப் பறிக்கிற எண் '170'. அதை மறந்துவிடுங்கள். அது கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்குப் படத்தை இறக்கும் வேகம், அதுவும் நொடிக்கு அதிகபட்சம் எத்தனை எம்.பி. என்பது, அதுவும் அவர்கள் ஆய்வுக்கூடத்தில். படம் எடுப்பவனுக்கு வேண்டியது எழுதும் வேகம். அதையும் அதிகபட்சமாகச் சொன்னால் பயனில்லை, எவ்வளவு மோசமான நேரத்திலும் இதற்குக் கீழே இறங்காது என்கிற உத்தரவாதம் வேண்டும்.

அந்த உத்தரவாதம் சின்ன எழுத்தில் இருக்கிறது. 'சி' வளைவுக்குள் 10 என்றால் நொடிக்கு 10 எம்.பி.க்குக் கீழே இறங்காது. 'யு' எழுத்துக்குள் 1 இருந்தால் அதே 10, 3 இருந்தால் 30. 'வி' போட்டு பக்கத்தில் 30, 60, 90 என்று இருந்தால் அந்த எண்ணே எம்.பி. இதைப் பாருங்கள், போதும்.

எவ்வளவு வேண்டும்? 4கே வீடியோவைச் சாதாரண கேமராக்கள் நொடிக்கு 100 மெகாபிட் என்ற கணக்கில் எழுதும். பிட்டை எட்டால் வகுத்தால்தான் பைட். அதாவது பன்னிரண்டரை எம்.பி. ஆக வி30 தாராளம். நீங்கள் புகைப்படம் மட்டும்தான் என்றால் இன்னும் கவலையில்லை. பறவை பறப்பதையும் ஜல்லிக்கட்டையும் 'ரா' என்கிற பதப்படுத்தாத பெரிய கோப்புகளாகத் தடதடவென்று சுட்டுத் தள்ளுகிறவர்களுக்குத்தான் வி60, வி90 எல்லாம். அந்தக் கார்டுகளின் பின்பக்கம் தங்க நிற முனைகள் இரண்டு வரிசையாக இருக்கும். உங்கள் கேமராவின் பள்ளத்தில் ஒரே வரிசைக்குத்தான் தொடர்பு இருக்கிறது என்றால், கார்டு வேலை செய்யும், ஆனால் கூடுதல் காசு கொடுத்து வாங்கிய வேகம் கிடைக்காது. ரோமன் எண்ணில் ஒரு கோடா இரண்டு கோடா என்று கார்டிலேயே போட்டிருக்கும், கேமரா கையேட்டோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

அளவைப் பற்றி என் கட்சி வேறு. கடைக்காரர் 256 ஜி.பி. ஒன்றைத் தலையில் கட்டப் பார்ப்பார். நான் 64 ஜி.பி. நாலு வாங்குவேன். 2004 மாமாங்கத்துக்கு மகாமகக் குளத்தங்கரையில் நான் நின்றபோது கையில் 256 எம்.பி. காம்பேக்ட் ஃபிளாஷ் கார்டுகள் இரண்டு. ஒன்றில் எண்பது படம். ஒன்றின் விலைக்கு ஒரு சைக்கிள் வாங்கியிருக்கலாம். கூட்டத்தில் முட்டிக்கொண்டு கார்டு மாற்றுவது பெரும்பாடுதான். 2016 மாமாங்கத்தில் 64 ஜி.பி. ஒன்று போட்டு நாள் முழுக்க அசையாமல் எடுத்தேன். சுகமாகத்தான் இருந்தது, ஆனால் சாயங்காலம்வரை உள்ளூர ஒரு பயமும் இருந்தது. மொத்தமும் ஒரே சில்லில் அல்லவா இருக்கிறது. கேமராவில் இரண்டு பள்ளம் இருந்தால் ஒரே படத்தை இரண்டிலும் எழுதும்படி அமைத்துக்கொள்ளுங்கள். ஒன்று நிரம்பியதும் அடுத்தது என்று வைக்காதீர்கள்.

64 ஜி.பி. கார்டு வாங்கினேன். கம்ப்யூட்டரில் 59 என்றுதான் காட்டுகிறது. மீதி 5 ஜி.பி. எங்கே? கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், அரக்கோணம்

ஏமாற்றவில்லை. கார்டு செய்பவர் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார், விண்டோஸ் 1024, 1024ஆகக் கணக்கிடுகிறது. கடையில் சின்னப் படியால் அளந்து கொடுத்த அரிசியை வீட்டில் பெரிய படியால் அளந்து பார்க்கிறீர்கள். 32 வாங்கினால் 29.8 காட்டும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போயிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஆன்லைனில் 1 டி.பி. மெமரி கார்டு 499 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா அண்ணா?
– கல்லூரி மாணவர், பெரம்பலூர்

தம்பி, ஒரு கிலோ முந்திரிப் பருப்பு ஐம்பது ரூபாய்க்கு வந்தால் வாங்குவீர்களா?

இந்தப் போலிக் கார்டுகள் செய்யப்படும் விதம் மட்டும் சுவாரஸ்யமானது. உள்ளே இருப்பது 8 ஜி.பி.யோ 16 ஜி.பி.யோ. ஒவ்வொரு கார்டிலும் நினைவகத்தோடு கன்ட்ரோலர் என்று ஒரு குட்டிச் சில்லும் உண்டு, அதுதான் கேமராவிடம் பேசும் கணக்கப்பிள்ளை. அந்தக் கணக்கப்பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். கேமரா கேட்டால் 'ஆயிரம் ஜி.பி. இருக்கிறது' என்பான். முதல் 8 ஜி.பி. ஒழுங்காகப் பதியும். அதற்கு மேல் வருவதை வாங்கி வாங்கிக் காற்றில் விடுவான், அல்லது பழைய படத்தின் மேலேயே எழுதுவான். கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தெரியும், திறந்தால் ஒன்றும் இருக்காது. சுற்றுலா போய்விட்டு வந்த பிறகுதான் விஷயம் தெரியும். அதுதான் இதில் கொடுமை.

நல்ல கடையில் நியாய விலைக்கு வாங்கினாலும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். விண்டோஸில் 'எச்2டெஸ்ட்டபிள்யூ', லினக்ஸிலும் மேக்கிலும் 'எஃப்3'. இரண்டும் இலவசம். கார்டை முழுக்க நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஓடவிட்டுத் தூங்கி எழுந்து பாருங்கள். ஒரு எச்சரிக்கை, இதைக் காலிக் கார்டில் மட்டுமே செய்ய வேண்டும். நான் புதுக் கார்டு எது வாங்கினாலும் இந்தச் சோதனை முடித்துத்தான் மேலே எண் எழுதிப் பைக்குள் வைப்பேன்.

கார்டு எப்போதும் 'லாக்' என்றே காட்டுகிறது. ஓரத்தில் இருந்த பொத்தானே உடைந்து விழுந்துவிட்டது.
– வாசகி, நாகர்கோவில்

விழுந்ததால்தான் லாக். அந்தப் பொத்தானுக்குள் மின்சாரமும் இல்லை, மந்திரமும் இல்லை, வெறும் பிளாஸ்டிக். பொத்தான் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேமராதான் தடவிப் பார்க்கிறது. அந்த இடம் பள்ளமாக இருந்தால் பூட்டியிருப்பதாக எடுத்துக்கொள்ளும். ஒரு செலோடேப் துண்டை அந்தப் பள்ளத்தின் மேல் ஒட்டினால் வேலை செய்யும். உள்ளே இருக்கிற படங்களை எடுத்துக்கொள்கிறவரைக்கும் டேப் போதும், அப்புறம் அந்தக் கார்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். டேப் உரிந்து கேமராவுக்குள் சிக்கிக்கொண்டால் கார்டு விலையைப் போல் பத்து மடங்கு சர்வீஸுக்கு அழ வேண்டியிருக்கும்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை. கார்டு நிறைந்ததும் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துவிட்டுப் புதுசு வாங்குகிறேன். பதினொரு கார்டு சேர்ந்துவிட்டது. நெகட்டிவ் மாதிரிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

ஐயா, தங்கள் ஒழுங்கை மதிக்கிறேன். ஆனால் நெகட்டிவ் மாதிரி இல்லை. நெகட்டிவில் படம் வெள்ளியாகவோ சாயமாகவோ படிந்திருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். கார்டில் இருப்பது நுணுக்கமான அறைகளுக்குள் அடைத்துவைத்த எலக்ட்ரான்கள். மின்சாரம் இல்லாமலே தங்கும் என்பதுதான் அதன் பெருமை, ஆனால் என்றென்றைக்கும் தங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மெல்ல மெல்லக் கசியும். சூடு கூடினால் கசிவும் கூடும். நம் ஊர் சித்திரை வெயிலில் இரும்பு பீரோ எப்படிக் கொதிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கார்டு என்பது மஞ்சப்பை. கடையிலிருந்து வீடுவரை சாமான் தூக்கிவர. வீட்டுக்கு வந்ததும் சாமானை எடுத்து அடுக்கிவிட்டுப் பையை உதறி மாட்டுகிறோம் இல்லையா, அப்படி. பதினொன்றையும் இந்த வாரமே ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுங்கள், அப்படியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்கிலும். இரண்டாவது மகள் வீட்டில் இருக்கட்டும். பிரதி எடுத்ததும் நாலைந்து படத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் கார்டை ஃபார்மேட் செய்ய வேண்டும், அதையும் கேமராவிலேயே செய்யுங்கள். பிள்ளைகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன், அதனால் கார்டை அழித்துவிட்டேன் என்று ஒருவர் போன மாதம் சொன்னார். வழக்கமாக அனுப்பும் முறையில் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கிவிடும். போனில் பார்க்க அழகாக இருக்கும், ஆல்பத்துக்குப் பெரிதாகப் போட்டால் முகம் கட்டம் கட்டமாகத் தெரியும்.

கேட்டதற்கு நன்றியாக உங்களுக்கு ஒரு கதை. இந்த நினைவகத்தை ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தில் இருந்த ஃபுஜியோ மசுவோகா கண்டுபிடித்தார், 1984இல் உலகுக்குச் சொன்னார். 'ஃபிளாஷ்' என்ற பெயரை வைத்தவர் கூட வேலை பார்த்தவராம். உள்ளே இருப்பதெல்லாம் ஒரே வீச்சில் அழிவதைப் பார்த்து அவருக்குக் கேமரா ஃபிளாஷ் நினைவுக்கு வந்ததாம். ஆக, பெயர் வந்ததே அழிவதை வைத்து. வகுப்பில் சொல்லுங்கள், பேரப்பிள்ளைகள் வகுப்பு.

விமான நிலையத்தில் எக்ஸ்ரே பெட்டிக்குள் போனால் படங்கள் அழியுமா?
– வாசகி, திருச்சி

அழியாது. ஃபிலிமுக்குத்தான் அந்தப் பயம். காந்தமும் ஒன்றும் செய்யாது. சட்டையோடு வாஷிங் மெஷினில் போட்ட கார்டு ஒன்றைக்கூட நான் நிழலில் காயவைத்துப் படித்திருக்கிறேன், ஆனால் அதை நம்பித் துவைக்காதீர்கள்.

அப்பா இரண்டு வருடம் முன்பு தவறிவிட்டார். அவருடைய பழைய ஒலிம்பஸ் கேமரா பையில் கிடைத்தது. பேட்டரி உப்பிவிட்டது, கேமரா உயிர்பெறவில்லை. உள்ளே எஸ்டி கார்டைவிடச் சிறியதாக, விரல் நகத்தைவிடப் பெரியதாக ஒரு கார்டு. 512 எம்.பி. என்று போட்டிருக்கிறது. எந்தக் கடையிலும் இது என்னவென்றே தெரியவில்லை. இதில் என்ன இருக்கிறது என்று பார்க்க முடியுமா?
– வாசகி, காரைக்குடி

முடியும் அம்மா. அது 'எக்ஸ்டி பிக்சர் கார்டு'. 2002இல் ஒலிம்பஸும் ஃபியூஜிஃபிலிமும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் கார்டு உலகம் சாதிச் சங்கம் மாதிரி இருந்தது. சோனிக்கு மெமரி ஸ்டிக், இவர்களுக்கு எக்ஸ்டி, பெரிய கேமராக்களுக்குக் காம்பேக்ட் ஃபிளாஷ், மற்றவர்களுக்கு எஸ்டி. ஒன்றின் வீட்டில் இன்னொன்று தண்ணீர் குடிக்காது. 1999இல் வந்த எஸ்டி கடைசியில் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டது. எக்ஸ்டி 2 ஜி.பி.க்கு மேல் வளரவே இல்லை. 2010 வாக்கில் அதைப் பெற்றவர்களே எஸ்டிக்கு மாறிவிட்டார்கள். கடைப் பையன்களுக்குத் தெரியாததில் வியப்பில்லை, அவர்கள் பள்ளிக்கூடம் போன காலம்.

கேமராவை எழுப்ப முயல வேண்டாம். உப்பிய பேட்டரியை அழுத்தாமல் எடுத்துத் தனியே வையுங்கள், சார்ஜில் போடவே கூடாது. கார்டு மட்டும் போதும். அதன் பின்புறத் தங்க முனைகளைக் கையால் தொடாதீர்கள், பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பழைய 'ஆல் இன் ஒன்' கார்டு ரீடர்களில் எக்ஸ்டிக்கு ஒரு பள்ளம் இருக்கும். கார்டின் மேல் ஒரு ஓரத்தில் 'எம்' அல்லது 'எச்' என்று தனி எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். அவை பின்னால் வந்த ரகம், ரொம்பப் பழைய ரீடர்கள் சில அவற்றைப் படிக்காது.

கம்ப்யூட்டரில் மாட்டியதும் 'ஃபார்மேட் செய்யவா?' என்று கேட்டால் 'வேண்டாம்' சொல்லுங்கள். இத்தனை வருடம் சும்மா கிடந்த கார்டு முதல் தடவை முரண்டு பிடிக்கலாம். திறந்தால் 'டிசிஐஎம்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள்தான் படங்கள். எதையும் அங்கேயே திறந்து பார்க்காமல் முதலில் மொத்தத்தையும் கம்ப்யூட்டருக்குப் பிரதி எடுத்துவிடுங்கள். ஃபோல்டர் காலியாக இருந்தாலும் மனம் தளர வேண்டாம், திருமங்கலம் அம்மாவுக்கு மேலே சொன்ன ஃபோட்டோரெக்கை ஓடவிடுங்கள். அப்பா அழித்த படங்களும் கிடைக்கலாம். 512 எம்.பி.யில் அந்தக் காலத்துக் கேமரா எடுத்தால் இருநூறுக்கும் மேலேயே இருக்கும்.

எக்ஸ்டி படிக்கிற ரீடர் ஒன்று என் மேஜை இழுப்பறையில், பழைய ரோல் டப்பாக்களோடு கிடக்கிறது. நேற்று ஒரு கார்டு போட்டுப் பார்த்தேன், ஓடுகிறது. இதழ் அலுவலகத்துக்கு உங்கள் முகவரியை எழுதுங்கள், கூரியரில் அனுப்பிவைக்கிறேன். கார்டை எனக்கு அனுப்ப வேண்டாம், அது வீட்டைவிட்டு வெளியே போகவே கூடாது. வேலை முடிந்ததும் ரீடரை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள். இன்னொன்று என்னிடம் இல்லை.